பாப்பாவின் என்டர் கீ

அந்தக் கீபோர்டை முதல் தடவை பார்த்தபோதே அண்ணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுத்துகளின் இடுக்கெல்லாம் சிப்ஸ் தூள். ஸ்பேஸ் பாரின் ஓரத்தில் காய்ந்துபோன காபிக் கறை. இடது பக்கத்து எழுத்துகளின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு. என்டர் கீயின் மேல் எப்போதோ கொட்டிய ஜாம் இறுகிப்போய், அதன் மேல் தூசி படிந்து, அந்தத் தூசியில் ஒரு முடி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினால் உள்ளே போய் அப்படியே உட்கார்ந்துவிடும். நகத்தால் நெம்பினால்தான் எழுந்து வரும். மனுஷர்கள் தொடுகிற பொருளா இது என்று நினைத்தாள்.

தொட்டுத்தான் ஆகவேண்டும். வேலை அப்படி.

அவளுக்கு அந்த இடத்தில் அண்ணி என்று பெயர் வந்ததே ஒரு கூத்து. கணவனின் தங்கை, தனியாக வேறு வீட்டில் இருப்பவள், வருடக்கணக்காக அங்கே வேலை பார்க்கிறாள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அவளுக்குப் பாப்பா என்று பெயர். முப்பதைத் தாண்டியாகிவிட்டது, ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, இன்னும் பாப்பாதான். அந்தப் பாப்பா இவளை வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் ரிசப்ஷன் பெண்களுக்கும் இவள் அண்ணி ஆனாள், வாட்ச்மேனுக்கும் அண்ணி ஆனாள். கடைசியில் நிலையத்தின் முதலாளி டாக்டரும், தலை முழுக்க நரைத்தவர், "என்ன அண்ணி, மெஷின் சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தன் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்க்கும்போது யாரோ என்று தோன்றும் அவளுக்கு.

அது ஒரு ஸ்கேன் நிலையம். ஊருக்குள் அதற்குப் பல கிளைகள். எங்கே யாருக்கு வயிற்றைப் படம் எடுத்தாலும், மூளையைப் படம் எடுத்தாலும், எல்லாப் படமும் தலைமை நிலையத்தின் பின்பக்க அறையில் இருக்கும் ஒரு பெரிய மெஷினுக்கு வந்து சேரும். வந்துகொண்டே இருந்தால் இடம் நிரம்பிவிடும் இல்லையா? அதனால் பழைய படங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும், நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கப்புறம் மெஷினிலிருந்து அழிக்க வேண்டும். காலையில் பாப்பா, மதியத்துக்கு மேல் அண்ணி, நடுவில் கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து. ஒரு மேஜை, ஒரு திரை, அந்த ஒரு கீபோர்டு. உள்ளே நுழைவதற்கும் இரண்டு பேருக்கும் ஒரே லாகின்தான். மெஷினை வைத்துக் கொடுத்தவர்கள் ஒன்றுதான் கொடுத்தார்கள், இன்னொன்று வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி இதே வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். அப்புறம் குழந்தை, அடுப்படி, மாமியாரின் மாத்திரை வேளைகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன. மறந்ததை எல்லாம் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மறுபடி படித்து, நாலு இடத்தில் "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் கிடைத்த வேலை இது. அதுவும் இப்போதைக்குச் சோதனை முறையில்தான். வேலை எப்படி என்று பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது போனால் அப்புறம் அடுப்படிதான் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதனால்தான் அந்தக் கீபோர்டைத் தொட்டாள்.

முதல் நாளே மெஷின் ஒரு வேடிக்கை காட்டியது.

அந்த மெஷினில் படம், பட்டன் எல்லாம் கிடையாது. கறுப்புத் திரை. செய்ய வேண்டியதை ஒரு வரியாக அடித்து என்டர் அழுத்தினால் அது செய்துவிடும். "நிச்சயமா?" என்று திருப்பிக் கேட்காது. அழித்ததைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று குப்பைத்தொட்டியும் வைத்திருக்காது. அதனால் அதில் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் கையில் ஒரு பழக்கம் இருக்கும். அடித்த வரியில் கடைசி வார்த்தை தப்பு என்று தெரிந்தால் கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்துவார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் அழிந்துபோகும். யோசித்துச் செய்வதில்லை, கண் சிமிட்டுவதுபோல் அது பாட்டுக்கு நடக்கும். அண்ணியும் அப்படித்தான் ஒரு வார்த்தையைத் தப்பாக அடித்துவிட்டுக் கன்ட்ரோல் டபிள்யூ அழுத்தினாள். வார்த்தை அழியவில்லை. வரி முழுசாக ஓடி, மெஷின் அதைச் செய்து முடித்துவிட்டது. நல்லவேளை, ஃபோல்டர்களின் பட்டியலைக் காட்டு என்கிற சாதாரண வரி.

"ஐயோ, அது நான் மாத்தி வச்சது அண்ணி," என்றாள் பாப்பா. வாயில் பாதி பிஸ்கட். "அந்த என்டர் சனியன் ஒட்டிக்குது இல்ல? அதான் கன்ட்ரோல் டபிள்யூவ என்டரா மாத்திட்டேன். செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி. எவ்ளோ வசதி தெரியுமா? இடது கையிலயே முடிஞ்சுடும். சோத்துக் கை ஃப்ரீ."

அந்தச் சோற்றுக் கை ஃப்ரீயாக இருந்து என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் விரலைச் சப்பினாள். சப்பிய விரலைச் சட்டையில் துடைத்தாள். அண்ணி பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கீபோர்டையே மாத்திடலாமே பாப்பா?"

"மாத்தணும்னா டாக்டர்கிட்ட கேக்கணும். அவர் எப்படிக் கெட்டுச்சும்பாரு. ஜாம் கதையெல்லாம் யாரு சொல்றது?"

"சரி, அந்த வரியவாவது எடுத்துடு. வார்த்தைய அழிக்கிற கீய ஓடுற கீயா வச்சிருக்கியே, ஒருநாள் இல்ல ஒருநாள் வம்பாயிடும்."

"எனக்குப் பழகிப்போச்சு அண்ணி. உங்களுக்கும் பழகிடும்," என்று சிரித்தாள். பல்லில் பிஸ்கட் அப்பியிருந்தது.

அண்ணிக்குப் பழகவில்லை. தினமும் வந்தவுடன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கீபோர்டைத் துடைத்தாள். பஞ்சு கறுப்பாகும், இன்னொன்று எடுப்பாள், அதுவும் கறுப்பாகும். ஜாம் என்டரைத் தொடாமல், வலது ஓரத்தில் எண்களுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி என்டரை மட்டும் அழுத்தினாள். பாப்பாவின் விரல் அவ்வளவு தூரம் போனதில்லை என்பதால் அது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. ஷார்ட்கட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். உட்கார்ந்தவுடன், திரையில் வேலைக்காகத் திறந்திருக்கும் ஜன்னலில் ஒரு வரி அடிப்பாள், அந்த ஜன்னலில் மட்டும் கன்ட்ரோல் டபிள்யூ மறுபடி வார்த்தை அழிக்கிற வேலைக்கே திரும்பிவிடும். மறுநாள் காலை பாப்பா வந்து புதிதாக ஒரு ஜன்னலைத் திறக்கும்போது அவளுடைய செட்டிங்ஸ் ஃபைல் ஏறிவிடும், பழையபடி பாப்பாவின் ராஜ்ஜியம். இப்படி ஒரே மெஷினில் இரண்டு குடித்தனம் நடந்தது.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சின்ன விஷயத்தப் பெருசாக்காத. அவ குழந்தை மாதிரி," என்றான். குழந்தைகூடச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் என்று அண்ணி சொல்ல நினைத்தாள்.

வம்பு ஒரு நாள் மதியம் வந்தது.

மெஷினில் இடம் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை. அண்ணி உட்கார்ந்தாள், துடைத்தாள், தன் வரியை அடித்தாள், பழைய மாதத்துப் படங்களை நகல் எடுத்துச் சரிபார்த்தாள். இனி அழிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு கிளையிலிருந்து போன். ரிசப்ஷனுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கீபோர்டின் மேல் புதுசாக வறுத்த வேர்க்கடலைத் தோல். பாப்பா வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அவசரமா ஒண்ணு பாக்க வேண்டியிருந்துச்சு அண்ணி. உங்க ஜன்னல்லயே பாத்துட்டேன். வரட்டுமா?"

அவள் போய்விட்டாள். அண்ணி கடலைத் தோலை ஒரு காகிதத்தால் தள்ளினாள். ஒன்றிரண்டு தோல் ஈரமாக எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இரண்டு விரலால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, பஞ்சால் துடைத்துவிட்டு, உட்கார்ந்தாள். அருவருப்பில் ஒரு விஷயத்தை அவள் யோசிக்கவே இல்லை. கடலைத் தோல் இருக்கிறது என்றால் பாப்பா அங்கே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். வேலை செய்தாள் என்றால், என்டருக்காகத் தன் செட்டிங்ஸ் ஃபைலை அந்த ஜன்னலில் மறுபடி ஏற்றியிருக்கிறாள். தோல் கண்ணை உறுத்திக்கொண்டு இருந்தது, அது சொன்ன சேதி மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அழிக்கும் வரியை அடித்தாள். கடைசி வார்த்தையாக ஃபோல்டரின் பெயர். அடித்து முடித்தபிறகு பார்த்தால் அது இந்த வாரத்து ஃபோல்டர், இன்னும் நகல் எடுக்காதது. பரவாயில்லை, பார்த்துவிட்டோமே என்று நிம்மதியாகக் கன்ட்ரோல் டபிள்யூ அழுத்தினாள்.

வரி ஓடியது.

அவள் நிறுத்தப் பார்ப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. கறுப்புத் திரை ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டு நின்றது. அண்ணி எழுந்து போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள்.

கிளைகளில் இருக்கும் ஸ்கேன் மெஷின்கள் இரண்டு மூன்று நாள் படங்களைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். அவற்றைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களில் எடுத்தவை போனது போனதுதான். யாருக்கெல்லாம் இன்னும் ரிப்போர்ட் எழுதவில்லையோ அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் முதலில் வந்தவர் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் சுண்ணாம்பு கரைத்ததுபோல் ஒரு வெள்ளைத் திரவத்தைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்வார்கள். போன தடவையே அதைக் குடித்துவிட்டு ராத்திரி பூரா அவதிப்பட்டவர். அண்ணி கதவோரம் நின்று பார்த்தாள். அவர் ஒரு வாய் குடிப்பார், கண்ணை மூடுவார், தாடையில் வழிவதைத் துண்டால் துடைப்பார், அடுத்த வாய். அவர் மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்தாங்க, இன்னும் கொஞ்சம்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் மேலேயே அண்ணிக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இந்தத் தடவை அவன் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டான். அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"நாளைக்கு டாக்டர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கப்போறாரு. நான் ஃபோல்டர் பேரத் தப்பா அடிச்சது உண்மைதான். அத ஒத்துக்குவேன். ஆனா அடிச்சத அழிக்கத்தான் அழுத்தினேன், ஓட்டறதுக்கு இல்ல."

"அத எப்படி நிரூபிப்ப?"

"பாப்பாவோட செட்டிங்ஸ் ஃபைல்ல அந்த வரி இருக்குதே. திறந்து காட்டினா போதும். அது இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்ல."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான். "ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க. வெளி ஆளு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் மாட்டிவிடறது நல்லாவா இருக்கும்? கவனக்குறைவா நடந்துடுச்சுன்னு சொல்லிட்டு விட்டுடு. வேலை போனாலும் உனக்கு நான் இருக்கேன். அவளுக்கு யாரு இருக்கா?"

"அவளுக்கும் நீங்கதானே இருக்கீங்க," என்றாள் அண்ணி.

அவன் சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அவன் பேசி முடிப்பதற்குள் அவள் எல்லாத் துணியையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் பஸ் டிரைவர் வெள்ளைத் திரவம் குடித்து முடித்தபிறகு அண்ணி பின்பக்க அறைக்குப் போனாள். பாப்பா சீக்கிரமே வந்துவிட்டிருந்தாள். அண்ணி செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்த வரி இல்லை. மற்ற ஷார்ட்கட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. நேற்றைய ஃபோல்டருக்குப் போக ஒன்று, நகலைச் சரிபார்க்க ஒன்று. கன்ட்ரோல் டபிள்யூ வரி மட்டும் மாயம்.

"அந்த வரி எங்க பாப்பா?"

"எந்த வரி அண்ணி?"

பாப்பா இவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். கேட்டுவிட்டு நகத்தைக் கடித்தாள், கடித்த துண்டை நாக்கு நுனியால் துப்பினாள். அது மேஜை விளிம்பில் போய் விழுந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபைலை எப்போது மாற்றினார்கள் என்று மெஷின் சொல்லும். யார் மாற்றினார்கள் என்று சொல்லாது, எல்லாருக்கும் ஒரே பெயர்தானே. இன்று காலை மாற்றியிருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னால், நீதான் மாற்றினாய் என்று பாப்பா இவள் பக்கமே திருப்பிவிடலாம். இத்தனை அழகாக யோசிக்கிற மூளை பாப்பாவுக்குக் கிடையாதே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அவள் மேற்கொண்டு பிடித்துக்கொண்டு போகவில்லை. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கு அண்ணி கிண்ணி எல்லாம் இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா."

அண்ணி சொன்னாள். கணவன் சொன்னபடி பூசி மெழுகுவதா, நடந்ததைச் சொல்வதா என்று இரவு முழுவதும் புரண்டவள், வாய் திறந்ததும் நடந்ததைத்தான் சொன்னாள். ஃபோல்டர் பெயரைத் தப்பாக அடித்தது, அதைப் பார்த்தது, அழிக்க அழுத்தியது, அது ஓடியது. டாக்டர் பாப்பாவைப் பார்த்தார்.

"நான் எந்தக் கீயையும் மாத்தலையே டாக்டர்," என்றாள் பாப்பா. "அண்ணி பாவம், ரொம்ப வருஷம் கழிச்சு வேலைக்கு வந்திருக்காங்க. கை தடுமாறியிருக்கும். இப்ப வேணும்னா அழுத்திப் பாருங்க, வார்த்தை அழியத்தான் செய்யும்."

பாவம் என்று சொன்ன விதம் இருக்கிறதே, அண்ணிக்கு அந்த ஜாம் தன் மேல் வழிந்ததுபோல் இருந்தது. அழுத்திப் பார்த்தார்கள். வார்த்தை ஒழுங்காக அழிந்தது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எனக்கு இந்த மெஷின் பாஷை தெரியாது. ஆனா ஒரு வாரத்துப் படம் போயிருக்கு. உள்ள ஒருத்தர் மறுபடி அந்தக் கண்றாவியக் குடிச்சிட்டு உக்காந்திருக்காரு. இந்த வேலைய எப்படிச் செய்யறீங்கன்னு என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க. எங்க தப்பு நடக்கும்னு நான் பாக்கறேன்." கீபோர்டைக் கிட்டே இழுக்கப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்ன இது? குப்பைத்தொட்டியா? யாராவது இதத் தூக்கி எறிங்க. ரிசப்ஷன்லேர்ந்து வேற கொண்டு வாங்க."

சுத்தமான கீபோர்டு வந்தது. "நீ உக்காரும்மா, சீனியர் நீதானே," என்றார் பாப்பாவிடம்.

பாப்பா உட்கார்ந்தாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்தால் பதற்றம் தெரிந்தது, உதடு காய்ந்திருந்தது. ஃபோல்டர்களைப் பட்டியல் போடும் வரியை இடது கையால் தடவித் தடவி அடித்தாள். டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். வரியின் கடைசி வார்த்தை மறைந்துபோனது.

பாப்பா மறுபடி அந்த வார்த்தையை அடித்தாள். மறுபடி மறைந்தது. கூடவே அதற்கு முந்தைய வார்த்தையும் போனது.

"என்னம்மா, அடிக்கிறத அடிக்கிறத அழிச்சிட்டே இருக்க?"

"இல்ல டாக்டர்..." மூன்றாவது தடவை முழு வரியையும் அடித்தாள். சுண்டு விரல் கன்ட்ரோலுக்குப் போனது, மோதிர விரல் டபிள்யூவுக்குப் போனது. வார்த்தை மறைந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது அவளுக்கு.

"என்டர அழுத்த வேண்டியதுதானே? அதுகூடவா மறந்துபோச்சு?"

"என்டர்தான் டாக்டர் அழுத்தறேன்!" என்று பாப்பா கத்திவிட்டாள்.

பாப்பாவின் இடது கை அப்படியே கீபோர்டின் மேல் நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது அண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்குக் கடைசி வரைக்கும் புரியப்போவதும் இல்லை. பயத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒரே வீட்டு ஆளுங்க என்று கணவன் சொன்னது அண்ணியின் காதில் ஓடியது. பாப்பாவின் கண், சின்ன வயதில் எதையோ உடைத்துவிட்டு நிற்கிற பிள்ளையின் கண்ணாக, கெஞ்சியது.

"அவ பொய் சொல்லல டாக்டர்," என்றாள் அண்ணி. "அவளுக்கு அதுதான் என்டர்."

டாக்டர் அவளைப் பார்த்தார், பாப்பாவின் இடது கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தவுடன் அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்துப் பாப்பா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இத்தன வருஷமா இவ கீய மாத்தி வச்சிருந்தா, அத இப்ப எடுத்துட்டா. அப்படித்தானே?"

"வரிய எடுக்க முடிஞ்சுது. விரல்லேர்ந்து எடுக்க முடியல," என்றாள் அண்ணி.

டாக்டர் இரண்டு பேருக்கும் இன்றைக்கே தனித்தனி லாகின் போடச் சொன்னார். அண்ணியைப் பார்த்து, "ஃபோல்டர் பேரத் தப்பா அடிச்சது உங்க தப்பு. அத மறைக்காம சொன்னீங்க. வேலையில இருங்க," என்றார். பாப்பாவிடம், "நீ முதல்ல போய் முகத்தக் கழுவு. அப்புறம் ரிசப்ஷன்ல உக்காந்து, மறுபடி வர வேண்டியவங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, எதனாலன்னு உன் வாயால சொல்லி மன்னிப்புக் கேளு. அது முடிஞ்சப்புறம் உன்ன வச்சுக்கறதா வேணாமான்னு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்தும் உள்ளே ஏதோ நெருடியது. பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புறங்கையால் துடைத்து, துடைத்ததைச் சட்டையில் தேய்த்தாள். எப்போதும்போல் அண்ணிக்கு உடம்பு கூசியது. ஆனாலும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

பாப்பா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் எடுக்கவே மாட்டேன்னுதான் சொன்னேன் அண்ணி," என்றாள். "டாக்டர்கிட்ட நானே சொல்லிடலாம்னு இருந்தேன். அண்ணன்தான் நேத்து சாயங்காலம் போன் பண்ணி, காலையில முதல் வேலையா அந்த வரிய எடுத்துடுன்னாரு. அது ஒண்ணுதான் உங்களுக்கு ஆதாரம்னாரு. அது இல்லன்னா நீங்க கொஞ்ச நாள் அழுதுட்டு வீட்டோட இருந்துடுவீங்களாம், அதுவும் நல்லதுக்குத்தானாம். அம்மாவையும் பாத்துக்க ஆள் ஆச்சாம்."

துணி மடித்த சாயங்காலம் முழுவதும் அண்ணியின் கண் முன்னால் வந்தது. டிவியை அணைத்தது, தலையை ஆட்டியது, எப்படி நிரூபிப்பாய் என்று அக்கறையாகக் கேட்டது. அத்தனையையும் அவன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பால்கனியில் நின்று போனில் தங்கையிடம் ஒப்பித்திருக்கிறான். ஜாமையும் கடலைத் தோலையும் பார்த்து இத்தனை நாள் குமட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இருந்தது அவளுக்கு. அதைப் பஞ்சு வைத்துத் துடைத்துவிடலாம்.

சாயங்காலம் வெளியே வந்தபோது வாசலில் அவன் காரோடு நின்றான். இருவரையும் சேர்த்து அழைத்துப் போக வந்திருந்தான். முகம் நிறையச் சிரிப்பு. சமாதானம் செய்துவைக்கிற பெரிய மனுஷத் தோரணை.

"முடிஞ்சுதா? எல்லாம் நல்லபடியா பேசிட்டீங்கல்ல? வாங்க, வாங்க, ஏறுங்க."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டு பின் சீட்டில் ஏறினாள். அவன் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை அண்ணியின் தோளில் வைத்தான். சுத்தமான கை. நகம் வெட்டிய, சோப்பு வாசனை அடிக்கிற கை. அது பட்ட இடம் அவளுக்குக் கூசியது. தோளை நகர்த்திக்கொண்டாள்.

"என்ன?" என்றான் அவன்.

"உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அண்ணி. "அவளோட நாளைக்கும் ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாத்துடுவேன். உங்களோட ஒரே வீட்டுல எப்படி இருக்கப்போறேன்னுதான் தெரியல."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு முழுசாகப் போகவில்லை, பாதியில் நின்றது. பின் சீட்டுப் பக்கம் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் அந்தப் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.